கோதண்டபாணியின் இரண்டு சீட்டுக் கார்

என் அக்கா புருஷன் கோதண்டபாணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் இரண்டோடு நின்றுவிடுவேன். குடிக்க மாட்டார், தொழிலில் ஏமாற்ற மாட்டார். விழுப்புரத்தில் அலுமினியக் கதவும் கண்ணாடித் தடுப்பும் செய்து மாட்டுகிற கடை வைத்திருக்கிறார். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கரும்பு வெட்டியவர். அங்கிருந்து இங்கே வந்தவர் என்ற மரியாதை எனக்கு இருக்கத்தான் செய்தது. அந்தக் காரை வாங்குகிறவரைக்கும் இருந்தது.

ஐம்பது வயதில் கார் ஆசை வருவது ஒன்றும் குற்றமில்லை. மற்றவர்கள் ஏழு பேர் ஏறுகிற வண்டியாகப் பார்த்து வாங்கி, குடும்பத்தோடு மேல்மலையனூர் போய்வருவார்கள். இவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டுமாம். கண்ணாடி அறுக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் போனில் வீடியோ பார்த்து, ‘மாடர்ன் கிளாசிக்’ என்று ஒரு வார்த்தையைக் கற்றுவைத்திருந்தார். இருபது வருஷத்துக்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் கார்கள் இப்போது மலிவாகக் கிடைக்கும், போகப் போக மதிப்பு ஏறும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. நான் வளவனூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவன். பழைய காருக்கு இங்கிலீஷில் பேர் வைத்துவிட்டால் துரு கொட்டாதா என்று கேட்டேன்.

“உனுக்கு டிராக்டரத் தவிர என்னா தெரியும் தேவா?” என்றார்.

குயிலாப்பாளையத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஊரைவிட்டுக் கிளம்புகிறார், அவரிடம் அப்படி ஒரு கார் இருக்கிறது என்று கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சிவப்புக் கார். இரண்டே சீட்டு. துணிக் கூரை, அதைப் பின்னால் மடக்கிக்கொள்ளலாம். நான் கீழே படுத்து அடியில் பார்த்தேன். கதவுக்குக் கீழே தகடு அரித்திருந்தது. ஓட்டிப் பார்த்தால், கிளட்ச் மிதியை முக்கால்வாசி விட்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது. பிளேட் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

“மாமா, வேணாம். இதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கப்பல்ல வரணும்,” என்றேன்.

“வரட்டுமே. கப்பலு வராத ஊரா இது?” என்றார். பக்கத்தில் கடல் இருக்கிற தைரியம்.

கார் வந்து சேர்ந்த அன்று வீட்டு வாசலில் என் அக்கா பிரபாவதி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆரத்தித் தட்டோடு நின்றாள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியானது. வண்டி எடுத்தால் வீட்டுக்காரியை ஏற்றிக்கொண்டு கோயில்வரை ஒரு சுற்று போய்வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா கதவுப் பிடியில் கை வைத்தாள்.

“தலையில எண்ண வச்சிக்கினு இருக்க. சீட்டெல்லாம் லெதரு,” என்றார் மாமா.

அக்கா சிரித்துக்கொண்டே கையை எடுத்துவிட்டாள். அவர் தனியாகக் கோயிலுக்குப் போய்த் தனியாகத் திரும்பி வந்தார்.

கொஞ்ச நாள் கழித்து அவளே வாய்விட்டுக் கேட்டாள். “ஏங்க, ஒரே ஒரு தபா என்ன இதுல வளவனூருக்குக் கூட்டிக்கினு போங்க. எங்க அம்மா வூட்டுத் தெருவுல போயி எறங்கணும்.”

“போலாம் போலாம். ரோடு வேல முடியட்டும்.”

ரோடு வேலை முடிந்தது. மழை முடியட்டும் என்றார். மழையும் முடிந்தது. வேகத்தடையில் கார் அடி தட்டும், இரண்டு பேர் வெயிட் ஆகாது என்றார். அது உண்மைதான். என்னை ஏற்றிக்கொண்டு எங்காவது போனால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் இறக்கிவிட்டு, தாண்டிய பிறகு ஏற்றிக்கொள்வார். டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் வெட்கத்தில் வேர்த்துப்போய் நடப்பேன். மனிதர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

மூன்று வருஷம் இந்தக் கூத்து. மாதம் இரண்டு தடவையாவது அதற்கு ஏதாவது ஒன்று வரும். நான் விழுப்புரம் போய் எடுத்து, வளவனூர் ஷெட்டுக்கு ஓட்டிவந்து, சரிபண்ணித் திரும்பக் கொண்டுபோய் விடுவேன். ஞாயிற்றுக்கிழமையானால் மாமா உறையைக் கழற்றி, குழந்தைகளுக்குப் போடுகிற ஷாம்புவைப் போட்டு அதைக் குளிப்பாட்டுவார். அக்காவுக்கு முட்டிவலி. அவள் ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோவில் போவாள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். இவனெல்லாம் ஒரு புருஷனா என்று அக்காவிடமே கேட்டிருக்கிறேன். அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

போன வைகாசியில் மாமாவின் தங்கை மகன் மணிமாறனுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம்வரை மாப்பிள்ளை அழைப்பு. அதற்கென்றே கூரையை அறுத்து எடுத்த வண்டிகள் வாடகைக்குக் கிடைக்கும். “என் காரு இருக்கும்போது வாடக வண்டியா?” என்று மாமா குதித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாண்டு செட்டுக்குப் பின்னால், நடக்கிறவன் வேகத்தைவிடக் குறைவாக, ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து போக வேண்டும்.

“மாமா, பாதிக் கிளட்சுலயே போவணும். தாங்காது. எரிஞ்சிரும்,” என்றேன்.

“எறநூறு கிலோமீட்டர் ஸ்பீடு போற வண்டிடா இது. ஒரு கிலோமீட்டரு போவாதா?”

இந்த மண்டையில் எதை ஏற்றுவது?

கார் முழுக்கச் சாமந்திச் சரம் சுற்றி, மணிமாறனை உள்ளே மாமாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். சீட்டு அவ்வளவு பள்ளம். வெளியே தலைப்பாகை மட்டும்தான் தெரிந்தது. “மாப்பிள எங்கப்பா?” என்று பெண் வீட்டார் தேடினார்கள். கடைசியில் அவனைத் தூக்கி, மடக்கியிருந்த கூரைமேல் உட்காரவைத்தார்கள். உள்ளே ஒரு கம்பி படக்கென்று முறிந்தது. அப்போது மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்து, பொய் சொல்லக் கூடாது, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பாதி வழியில் கருகல் நாற்றம் வந்தது. அடியிலிருந்து புகை கிளம்பியது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் அதை வாணவேடிக்கை என்று நினைத்து விசில் அடித்தார்கள். கார் நின்றேவிட்டது. பாண்டு செட்காரர்கள் அது தெரியாமல் வாசித்துக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள். மாப்பிள்ளை குதித்து இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் ஓடினான்.

பஸ் போகிற ரோடு. காரை ஓரமாகத் தள்ளியாக வேண்டும். இடமோ சரிவு. நாங்கள் நாலைந்து பேர் பின்னால் கை கொடுத்தோம். மாமாவும் வெளியே நின்றபடி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ளினார். ஓடிவிடாமல் ஹேண்ட் பிரேக்கைப் பிடிக்க உள்ளே ஒரு ஆள் வேண்டியிருந்தது. சுற்றிப் பார்த்தார். வரிசைத் தட்டை ஏந்திக்கொண்டு அக்கா நின்றிருந்தாள்.

“பிரபா, ஜல்தியா உள்ள ஏறு. நான் சொல்லும்போது இத மேல இழு.”

மூன்று வருஷத்தில் அந்த வாயிலிருந்து வந்த முதல் அழைப்பு அதுதான். அக்கா தட்டைக் கீழே வைக்கவில்லை. காரை ஒரு தடவை முழுசாகப் பார்த்தாள்.

“மாட்டேன்,” என்றாள். திரும்பி மண்டபத்தைப் பார்க்க நடந்தாள்.

சக்கரத்துக்குக் கல்லை அண்டக்கொடுத்துவிட்டு நான் ஓடிப்போய் அவளோடு சேர்ந்துகொண்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“நல்லா சொன்னக்கா. அந்த ஆளுக்கு இன்னிக்குத்தான் ஒறச்சிருக்கும். என்னா மனுஷன்! கட்டுன பொண்டாட்டிய ஒரு தபா ஏத்திக்கினு போவ மனசு வரல பாரு.”

அக்கா நிற்கவில்லை. முட்டிவலியோடு தாங்கித் தாங்கி நடந்துகொண்டே என் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

“அவுரு ஏத்தல. சரி. நீ மாசத்துல ரெண்டு தபா எங்க வூட்லேர்ந்து வளவனூருக்குத்தான தேவா ஓட்டிக்கினு போன? நான் வாசப்படியாண்ட நின்னு பாத்துக்கினுதான இருந்தேன். ஒரு நாளாவது ‘வாக்கா’ன்னு கூப்ட்டியா?”

ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்து சீட்டில், லெதர் கெட்டுவிடக் கூடாதே என்று சாக்கை விரித்து, என் டூல் பாக்ஸை வைத்துக்கொண்டு போவேன்.