கழலாத வலது சப்பாத்து

பனிச்சறுக்குப் பலகையை விட்டுச் சப்பாத்து கழன்றால் அன்றோடு என் கதை முடிந்தது என்றுதான் முதலில் நம்பினேன். ஊருக்குப் போகும் சூட்கேஸைக் கயிற்றால் பதினாறு சுற்றுச் சுற்றாமல் விமான நிலையத்துக்கு அனுப்பாத இனம் நாங்கள். வேறெப்படி நினைப்பேன்?

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை. உங்கள் ஆட்களுக்குப் பனிச்சறுக்கு சரிவராது என்று என்னோடு வேலைசெய்த வெள்ளைக்காரன் ஒருவன் தேநீர் நேரத்தில் சிரித்தான். அந்தச் சனிக்கிழமையே மனைவியின் தம்பியையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

"கால் முறிஞ்சால் ஷிப்டுக்கு ஆர் போறது? நானோ?" என்றாள் மனைவி.

லண்டன் ஓரத்தில், பனிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தும்பு விரித்த செயற்கைச் சறுக்கு மேடு. பயிற்சியாளர் என் எடையைக் கேட்டு, சப்பாத்தைப் பிடிக்கும் பூட்டின் ஸ்பிரிங்கை ஐந்தாம் எண்ணுக்குத் தளர்த்தினார். கால் முறுகினால் முன்பூட்டு பக்கவாட்டில் விடும், குப்புற விழுந்தால் குதிகால் பூட்டு மேலே திறக்கும், எலும்புக்குப் பதிலாகப் பூட்டு விட்டுக்கொடுக்கும் என்றார். என் காதில் விழுந்தது 'திறக்கும்' மட்டும்.

அவர் அங்கால் திரும்பியதும் அவர் வைத்துவிட்டுப் போன ஸ்குரூ டிரைவரை எடுத்து, வலது பலகையின் முன்பூட்டை எட்டு வரை முறுக்கினேன்.

"அத்தான், என்ன செய்யிறியள்?"

"வாயை மூடு. கழண்டு விழுந்தால் உன்ர அக்காவுக்கு ஆர் பதில் சொல்றது?"

இடதைத் தொடுமுன் பயிற்சியாளர் வந்துவிட்டார்.

உச்சியில் நின்று எனக்குத் தெரிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டேன். தெரியாதவர்களையும் விடவில்லை.

"பயமெண்டால் நடந்து இறங்குவம், அத்தான்."

"பயமோ? எனக்கோ?" ஆட்டுக்குட்டிக் குரலில் கேட்டுவிட்டு இறங்கினேன். பாதியில் விழுந்தேன். இடது சப்பாத்து கழன்றது. வலது கழலவில்லை. பலகை திரும்பிய பக்கமே முழங்காலும் திரும்பியது.

மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், ஷிப்டுக்குப் போகாமல் சோபாவில் கிடந்தேன்.

"இனி அந்தப் பக்கம் போய்ப் பாருங்கோ!" என்றாள் மனைவி.

"போவன். அவன் சிரிச்சதுக்காகவே போவன்," என்றேன், ஊன்றுகோலை உயர்த்தி.

வீக்கம் முழுதாக வடிந்ததும் போனேன். பயிற்சியாளரிடம் உண்மையைச் சொல்லி, திட்டும் வாங்கி, இரண்டையும் ஐந்திலேயே வைக்கச் சொன்னேன். அதே இடத்தில் விழுந்தேன். இரண்டு சப்பாத்தும் கழன்றன. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை.