அத்தையின் வயிற்றில் காற்று

அது ஐப்பசியின் கடைசி வாரம் என்று உறுதியாகச் சொல்வேன். தீபாவளிப் பலகாரம் தீர்ந்திருந்தது, மழை தீரவில்லை. அப்பாவின் தங்கை, என் அத்தை, கொழும்பில் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு தேயிலைத் தோட்டத்தில் இருந்த எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பியிருந்தார். அவரைப் பெண் பார்க்கப் பட்டிப்பொலயிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது.

"இப்படி ஈர்க்குச்சியா நின்னா யாருக்குப் புடிக்கும்?" என்று அம்மா காலையும் மாலையும் பால்மாவைக் கெட்டியாகக் கரைத்து அத்தைக்கு மட்டும் கொடுத்தார். எங்களுக்கு வழக்கமான, பாலில்லாத பிளேன்டீதான்.

சில நாட்களில் அத்தையின் வயிறு பேசத் தொடங்கியது. நான் காதை வைத்துக் கேட்பேன். "ஸ்டேசனுக்குக் கோச்சி வருதுடி, தள்ளி நில்லு" என்பார். கோச்சி சத்தத்தோடு வந்தும் சேரும்.

முதலில் அம்மாவும் சிரித்தார். பருப்பைக் குற்றம் சொன்னார், பிறகு பேக்கரிப் பாணை. இஞ்சி தட்டிப்போட்டுக் கொடுத்தார். வயிறு உப்பி, பாவாடை நாடா எட்டாமல் போனதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். உட்கார்வார், எழுவார், பக்கத்து வீட்டுப் பேச்சுக்குக் காது கொடுப்பார். சுவர் நாட்காட்டியில் விரல் வைத்து எதையோ எண்ணுவார்.

"எங்கிட்ட மட்டும் சொல்லு. உங்கண்ணனுக்குத் தெரிய வேணாம்."

"என்னத்த அண்ணி சொல்றது? காத்துதான்."

ஜாக்கெட் துணி எடுக்கப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு, தோட்டத்து டிஸ்பென்சரியைத் தாண்டி எங்களை ஹட்டனுக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார் அம்மா. அங்கே யாழ்ப்பாணத்து டாக்டரம்மா முதலில் ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்து அத்தையை உள்ளே அனுப்பினார். பிறகு வயிற்றைத் தட்டிப் பார்த்து, சாப்பாட்டை விசாரித்தார்.

"நீங்க பயந்த மாதிரி ஒண்டுமில்லை. சில பேருக்குப் பால் செமிக்காது, குடலுக்க கிடந்து காத்தாகும். பாலை நிப்பாட்டிப் பாருங்கோ."

அம்மா அங்கேயே அழுதுவிட்டார். காற்றுக்கு யாராவது அழுவார்களா? அத்தை அழவில்லை. "இதுக்குத்தானா அண்ணி?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அத்தை ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். வயிறு உறுமியது. "கோச்சி" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மீதிப் பால்மா இனி எனக்குத்தான் என்ற மகிழ்ச்சியில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெண் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் அம்மா நாள் எண்ணினார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த ஞாயிறு முன்னால் இருந்தது. அம்மாவின் விரலோ, அத்தை கொழும்பிலிருந்து வந்து இறங்கிய நாளை நோக்கி, பின்னால் போய்க்கொண்டிருந்தது.