குகதாசன் வீட்டு மண்தின்னிகள்

கொடிகாமத்தில் மீன்தொட்டிக் கடை திறந்து நான் தேடிக்கொண்ட பெரிய தொல்லை குகதாசன். பருத்தித்துறை பஸ்ஸில் கொண்டக்ரர். மற்றவர்கள் வந்தால் இரண்டு கோல்ட் ஃபிஷ் வாங்கிக்கொண்டு பேசாமல் போவார்கள். இவன் ரோச் லைட்டோடு வந்து தொட்டிக்கு முன்னால் குந்தி, ஒவ்வொரு மீனாகக் கன்னத்தைப் பார்ப்பான்.

ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த பையில் மண்தின்னி என்று மட்டும் எழுதியிருந்தது. தென்னமெரிக்க ஆற்று மீன். பழுப்பு நிறம், நீண்ட மூஞ்சி, அழகென்று ஒன்றும் கிடையாது. ஜியோபேகஸ் என்கிற இனமென்று சொல்லி விற்கப் பார்த்தேன். குகதாசனுக்கு வந்ததே கோபம்.

"உது அதில்லை அண்ணை. முகத்திலை வெள்ளைப் புள்ளி கிடக்குது, வாலடியிலை கறுத்தப் பொட்டு. இது சாத்தானோபெர்கா லியூக்கோஸ்ரிக்ரா. முகத்திலை புள்ளி இல்லாட்டித்தான் மற்ற இனம், யுருபாரி."

பெயரிலேயே சாத்தான் குந்தியிருக்கிறான், வீட்டுக்குக் கொண்டுபோகாதே என்றேன். சிரித்துவிட்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனான்.

மண்தின்னி மண்ணைத் தின்று வாழ்வதில்லை. ஒரு வாய் மணலை அள்ளிச் சப்பும். இரையை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் செவுளால் விடும். பகல் முழுக்க அதே வேலை. அதற்கு மாப்போல மணல் வேண்டும், மென்மையான தண்ணீரும் வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரோ கேத்தலில் சுண்ணாம்பு படியவைக்கிற தண்ணீர். ஆகவே குகதாசன் கூரையில் விழுகிற மழைத்தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வளர்த்தான். மீன்கள் ஒரு சாண் நீளத்துக்கு வந்தன. அவ்வளவு கவனமானவன் மணலில் பிழைவிட்டான்.

அவன் பிறந்தது கடற்கரையோரம், மயிலிட்டிப் பக்கம். தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஓடிவந்த குடும்பம். வாடகை வீடுகளிலேயே தலை நரைத்துவிட்டது. போன வருஷந்தான் ஆமி காணியை விட்டது. பழைய வீடு இருந்த இடத்தில் பற்றை. வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்ததும் அத்திவாரக் கிடங்கு வெட்டினார்கள். மனைவி சிவகௌரி அந்தக் கிடங்கைச் சுற்றிச் சுற்றி நடந்து, இதிலே குசினி, இதிலே சாமியறை என்று எனக்கே காட்டினாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அவளிடம் அதற்கு முன் கண்டதில்லை.

அந்தக் கிடங்கில் எடுத்த மணலைத்தான் இவன் உரப்பையில் கட்டிவந்து தொட்டியில் போட்டான்.

"விசரா, கடற்கரை மணல் தண்ணியைக் கெடுக்கும். போடுறதெண்டாலும் அரிதட்டிலை அரிச்சுப் போடு" என்று கத்தினேன்.

"எங்கடை மண்ணை அரிக்கிறதோ அண்ணை?" என்றான். கழுவி மட்டும் போட்டான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் என்னைத் தன் வாடகை வீட்டுக்கு வரச்சொன்னான். போனபோது இருவரும் தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றார்கள். ஒரு மீன் குனிந்து மணலை அள்ளியது. செவுளால் மணல் புகையாக இறங்கியது. பிறகு வாயிலிருந்து வெள்ளையாக ஏதோ தெறித்துக் கண்ணாடியில் டிக்கென்று பட்டது. பல்.

சிவகௌரிதான் சிரித்தாள். "இவரின்ரை பால்பல்லாத்தான் இருக்கும். அணிலே பல்லுத் தா எண்டு கூரையிலை எறிஞ்சிருப்பார். வீடு விழேக்கை மண்ணோடை போயிருக்கும்."

எடுத்துப் பார்த்தோம். வேர் இல்லை, தானாக விழுந்த சின்னப் பல்தான். எல்லோருக்கும் மூச்சு வந்தது. நாங்கள் சிரித்துக்கொண்டு நிற்க, உள்ளே மீன்கள் மணலை அள்ளியபடியே இருந்தன.

கடற்கரை மணல் கிடக்கிற அந்தத் தண்ணீரில் மீன் முட்டையே இடாது என்று நான் அடித்துச் சொல்லியிருந்தேன். இட்டது. தட்டைக் கல்லில் இட்டு மணலால் மூடி, அடுத்த நாள் முட்டைகளை வாய்க்குள் எடுத்தது. வாய்க்குள்ளேயே குஞ்சு பொரிக்கும் இனம். தாடை புடைத்துக்கொண்டு, இரை தின்னாமல் ஒரு மூலையில் நின்றது.

குஞ்சுகளை வெளியே விட்ட அன்று நானும் போயிருந்தேன். வாயைத் திறந்தது, குஞ்சுகள் தூசிபோல வந்தன. அவற்றோடு ஒரு பல்லும் வந்து மணலில் விழுந்தது. சிவகௌரி குனிந்து பார்க்க, அவளுடைய நிழல் பட்டுத் தாய்மீன் வெருண்டது. குஞ்சுகளைத் திரும்ப வாய்க்குள் இழுத்தது. பல்லையும் எடுத்தது.

குகதாசன் நனைத்த கையால் மீனைப் பிடித்து வாயை மெல்லத் திறந்தான். உள்ளங்கையில் விழுந்த பல்லுக்கு நீண்ட வேர் இருந்தது. வளர்ந்த ஆளின் கடைவாய்ப் பல்.

பொலிஸில் சொன்னால் காணிக்குக் கயிறு கட்டுவார்கள், எலும்பு தேடித் தோண்டுவார்கள். வீடு எந்தக் காலத்தில் எழும்பும் என்று யாராலும் சொல்லமுடியாது. சொல்லாவிட்டால் அடுத்த கிழமை சுவர் எழும்பும்.

குகதாசன்தான் முதலில் வாயைத் திறந்தான். "மணலைக் கொண்டுபோய்க் கிடங்குக்குள்ளையே கொட்டிவிடுவம். நாங்கள் ஒண்டும் காணேல்லை." எனக்கும் அதுதான் நல்லதென்று பட்டது. எத்தனை வருஷம் இவர்களும் அலைவது?

சிவகௌரி பல்லை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். அதன் மேலே ஒரு பொட்டு மின்னியது.

"வெள்ளி அடைச்சிருக்கு" என்றாள். "உதுக்கு ஆரோ டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போயிருக்கினம். உது வலிக்கேக்கை கராம்பு வைச்சுக்கொண்டு ஆரோ பக்கத்திலை இருந்திருக்கினம். இதுக்கு மேலை நான் என்னெண்டு அடுப்பு மூட்டுறது?"

கிராம சேவகரிடம் அவளே நடந்துபோய்ச் சொன்னாள். மறுநாளே பொலிஸ் வந்து கயிறு கட்டியது. தொட்டி மணலையும் வழித்துக்கொண்டு போனார்கள். மீன்கள் வெறும் கண்ணாடியை அள்ளி அள்ளிச் சப்பின. அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் ஆற்று மணல் கொண்டுபோய்ப் போட்டேன். குகதாசன் பெண்சாதியோடு கதைக்காமல் திரிந்தான்.

செய்தி பரவியபின் கொடிகாமத்து வாடகை வீட்டுக்கு, காணாமல்போன பிள்ளைகளைத் தேடுகிற பெண்கள் வரத் தொடங்கினார்கள். மீனைப் பார்க்க அல்ல. முதலில் வந்தவள் கொழும்புத்துறையிலிருந்து பஸ் மாறி மாறி வந்த ஒரு கிழவி. வாசல் படலையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"பிள்ளை, என்ரை மோனுக்கு இடப்பக்கம் அடைச்சது. நீ கண்டது எந்தப் பக்கப் பல்லு?"

சிவகௌரிக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற குகதாசன்தான் முன்னே வந்து படலையைத் திறந்து, "உள்ளை வந்து இருங்கோம்மா" என்றான்.