நெஞ்சு வெடித்த பொம்மை

ஒரு திரவம் மனிதருக்கு என்னென்ன கெடுதல் செய்யும் என்று எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கல்யாண வீட்டில் யாராவது என்னம்மா வேலை என்று கேட்டால், டின்களில் குற்றம் கண்டுபிடிக்கும் வேலை என்பேன். அதற்குப் படிப்பு வேறு வேண்டுமா, என் மாமியாரை அனுப்பட்டுமா என்று ஒருத்தி கேட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் வேலை உண்மையில் அதுதான். இது தீப்பற்றுமா? தோலில் பட்டால் எரியுமா? ஒருமுறை மூச்சில் இழுத்தால் என்ன ஆகும்? தினமும் இழுத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு கேள்விக்கும் விதி உண்டு, அளவு உண்டு. பதிலைப் பொறுத்து ஆபத்தின் வகையை எழுதி, சிவப்புக் கரை போட்ட சாய்சதுரப் படங்களை லேபிளில் சேர்க்க வேண்டும்.

தீச்சுவாலைப் படத்தைப் பார்த்து எந்த வாடிக்கையாளரும் முகம் சுளிப்பதில்லை, பெட்ரோலுக்கும் அதுதானே. ஆச்சரியக்குறிப் படத்தையும் பொறுத்துக்கொள்வார்கள். மூன்றாவதாக ஒரு படம் இருக்கிறது. மனிதனின் மார்பளவு உருவம், நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது போல ஒரு கீறல். நுரையீரல், நரம்பு, கருப்பை என்று உள்ளே போய் மெதுவாகக் கெடுக்கும் சரக்குக்கு அது. எங்கள் தொழிற்சாலையில் அதற்கு நெஞ்சு வெடித்த பொம்மை என்று பெயர். விற்கிறவர்களுக்கு இந்தப் பொம்மையைக் கண்டாலே ஆகாது, வாங்குகிறவன் கேள்வி கேட்பான் என்று. கேட்கட்டும் என்றுதானே அதைப் போடுகிறோம்!

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதற்கு ஒரு காரணமும் உண்டு. என் அம்மா மலேசியாவில் பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் முதுகில் மருந்துத் தோம்பு கட்டிக்கொண்டு களைக்கொல்லி அடித்தவர். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர். மருந்து டின்னில் தமிழ் மட்டும்தான் இல்லை. அவர் விரல் நகங்கள் கறுத்து, ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. சோப்பு அதிகம் போடுகிறாய் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொன்னார். அம்மாவும் அதை நம்பி, சோப்பைக் குறைத்துக்கொண்டார்.

நான் வேலை பார்ப்பது ஜொகூர் பாருவுக்கு வெளியே, லாரிகள் ஓயாத சாலையில் உள்ள ஒரு தொழிற்சாலை. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் திரவத்தை டிரம்மில் வாங்கி, டின்னில் அடைத்து, எங்கள் லேபிளை ஒட்டி விற்போம். வொர்க்ஷாப்புகள் வாங்கும், அச்சகங்கள் வாங்கும், பாலம் தாண்டி சிங்கப்பூருக்கும் போகும். அடைத்த டின்களின் மேல் ஒட்டியிருக்கும் அழுக்கையும் பசையையும் பின்னறையில் பெண்கள் துடைப்பார்கள். துடைப்பதற்கும் அதே திரவம்தான். ஜன்னல் இல்லாத, ஏர்கான் போட்ட அறை. வெயில் படாத வேலை என்று அந்த அறைக்குப் போட்டி கூட இருந்தது.

என் பக்கத்து வீட்டு அக்கா அங்கேதான் இருந்தார். என்னைவிட மூத்தவர், கணவரை இழந்தவர், வாய்க்கு வாய் பதில் வைத்திருப்பவர். எங்கள் வீடு வேதக்காரர் வீடு, அவர் வீட்டு வாசலில் மாரியம்மன் படம். ஈஸ்டருக்கு என் வீட்டுக் கேக் அங்கே போகும், ஆடிக்கு அவர் வீட்டுக் கூழ் இங்கே வரும். வேலைக்கு என் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துதான் வருவார்.

ஒரு சமயம் டிரம் விற்கும் ஆள் மாறினார். புதிய சரக்கின் பாதுகாப்புத் தாளில் நாப்தா என்று குடும்பப் பெயர் மட்டும் போட்டிருந்தது. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. எங்கள் ஆய்வுக்கூட இயந்திரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். அது வரைந்த கோட்டின்படி பாதிக்கு மேல் ஹெக்சேன். பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பொம்மை போட்டாக வேண்டும். ஹெக்சேன் உடம்புக்குள் போனதும் வேறொன்றாக மாறி நரம்பைப் பிடிக்கும். நீளமான நரம்பை முதலில் பிடிப்பதால் பாதத்தில் ஆரம்பிக்கும். வலிக்காது, மரத்துப் போகும்.

மேலாளர் நம்ம ஆள், தமிழர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய லேபிளில் இரண்டு படம்தானே இருந்தது, அதுவே இருக்கட்டும் என்றார். பொம்மையைப் போட்டால் சிங்கப்பூர்க்காரர்கள் வேறு கடை பார்ப்பார்கள் என்றார். தலைசுற்றல் வரலாம் என்று ஒரு வரி எழுது, போதும் என்றார். நான் கையெழுத்துப் போடவில்லை. அவரும் விடவில்லை. தாள் என் மேசைக்கும் அவர் மேசைக்கும் இடையே மாதக்கணக்கில் போய் வந்துகொண்டிருந்தது, சரக்கு பழைய லேபிளோடு விற்றுக்கொண்டிருந்தது. பின்னறைக்கு ஒரு காற்றுப்போக்கியாவது வையுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார்.

அப்படி இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது.

பால்குடம் எடுப்பவர்கள் வெறுங்காலோடு உச்சி வெயிலில் வருவார்கள். தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. அதனால் தெருவில் எந்த வீடாக இருந்தாலும் தன் வாசலுக்கு முன்னால் சாக்கை நனைத்து விரித்து, குழாயில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். சாமி வேறாக இருந்தாலும் கால் ஒன்றுதான் என்று என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீடும் செய்கிறது. அன்றைக்கும் நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டம் சாக்குக்குச் சாக்கு தாவி வந்தது. அக்கா மட்டும் சாக்கை விட்டு விலகி, கொதிக்கும் தாரில் அவசரமே இல்லாமல் நடந்து வந்தார். தலையில் குடம், முகத்தில் சிரிப்பு. பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு பெண் தரையில் விழுந்து அவர் காலைத் தொட்டாள்.

கோயில் கமிட்டியில் எங்கள் மேலாளரும் இருந்தார். மைக் அவர் கையில்தான். "பாருங்க, அந்த அம்மா காலுக்கு வெயிலே தெரியல. இதுதான் அருள்" என்றார்.

எனக்கும் அந்த நேரத்தில் மெய் சிலிர்த்தது. பொய் சொல்வானேன்.

சாயங்காலம் பிரசாதம் கொடுக்க அக்கா வந்தார். எங்கள் வீட்டுத் தரை வெள்ளை டைல்ஸ். அவர் நடந்து வந்த வழியெல்லாம் ஈரமாகத் தடம். உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கால் முழுவதும் கொப்புளம், சிலது உடைந்து தோல் தொங்கியது. அவருக்குத் தெரியவே இல்லை. ஆத்தா தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று பெருமையாகச் சொன்னார். சிலிப்பர் நழுவுவது தெரிகிறதா என்று கேட்டேன். பல மாதமாகவே தெரிவதில்லையாம், பஸ் நிறுத்தத்தில் ஒன்றைத் தொலைத்துவிட்டு ஒற்றைச் சிலிப்பரோடு வீடு வரை வந்தாராம். சர்க்கரையோ என்று கிளினிக்கில் பார்த்தார்களாம், இல்லையாம்.

கண்ணை மூடச் சொன்னேன். எந்த விரலைத் தொடுகிறேன் என்று சொல்லுங்கள் என்றேன். மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"சீக்கிரம் தொடு லா, சோறு வடிக்கணும்" என்றார்.

ஐந்து விரல்களையும் நான் தொட்டு முடித்திருந்தேன். சுண்டுவிரலைக் கிள்ளிக்கூடப் பார்த்துவிட்டேன்.

கண்ணைத் திறக்கச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். பின்னறை, திரவம், நரம்பு எல்லாம். கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது. அருள் என்று ஊரே கும்பிட்ட காலை நான் நோய் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"உங்க சாமிதான் பெருசுன்னு சொல்ல வந்தியா?"

"சாமியப் பத்தி நான் ஒண்ணும் பேசலக்கா. டின்னப் பத்திதான் பேசுறேன்."

கொண்டுவந்த தட்டைக் கூடத் திருப்பி வாங்கிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டார். மறுநாள் காலையில் என் மோட்டார் சைக்கிளுக்குக் காத்திருக்கவில்லை. காலில் துணியைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வேலைக்குப் போயிருந்தார்.

நான் நேரே மேலாளர் அறைக்குப் போனேன். கொப்புளத்தைச் சொன்னேன், விரல்களைச் சொன்னேன். அம்மன் காரியத்தைக் கெமிக்கல் காரியமாக ஆக்காதே என்றார். நீ வேதக்காரி, ஊரில் சண்டை மூட்டிவிடாதே என்றும் சொன்னார். அந்த வார்த்தையில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பயமும் போய்விட்டது.

"நீங்க மைக்குல சொன்ன அருள் நம்ம டிரம்லேருந்து வந்தது, சார்" என்றேன். "டிரம்ம மாத்துங்க. இல்லைன்னா பொம்மையப் போடுங்க. ரெண்டு படத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கையெழுத்துப் போட வேறு ஆள் கிடைப்பான் என்றார். கிடைக்கட்டும், இயந்திரம் வரைந்த கோடு மாறாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மேசையில் உட்கார்ந்து எழுதினேன். எளிதில் தீப்பற்றும். தோலில் எரிச்சல் தரும். தலைசுற்றல் தரும். தொடர்ந்து மூச்சில் சேர்ந்தால் நரம்பைக் கெடுக்கும். கருவுறும் சக்தியைக் கெடுக்கும் என்ற சந்தேகம் உண்டு. ஒன்றைக் கூட மென்மையாக்கவில்லை. பொம்மையைப் பெரிதாக அச்செடுத்துப் பின்னறைக் கதவில் ஒட்டினேன். கீழே தமிழிலும் மலாயிலும், இங்கே உள்ள காற்று நரம்பைக் கெடுக்கும் என்று எழுதினேன். என் அம்மாவின் டின்னில் இல்லாத எழுத்து அது. மதியத்துக்குள் யாரோ கிழித்துவிட்டார்கள். இன்னொன்று ஒட்டினேன்.

அன்று மாலை ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் அக்கா என் மேசைக்கு வந்தார். பின்னால் அவரோடு டின் துடைக்கும், கக்காக் என்று மலாயில் அக்கா முறை வைத்து நாங்கள் கூப்பிடும் மலாய்க்காரப் பெண்ணும், ஒரு நேப்பாளப் பெண்ணும். நான் வாயைத் திறக்கும் முன்னே அவரே ஆரம்பித்தார். என்னைப் பொய்யாக்கிக் காட்டுவதற்காக, சாப்பாட்டு நேரத்தில் அறையில் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி அதே விளையாட்டை விளையாடியிருக்கிறார்.

"இந்தப் பொண்ணுக்கும் தெரியல. கக்காக்குக்கும் தெரியல" என்றார். "இவங்க பால்குடம் எடுக்கலியே."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. எந்த அறை என்று கேட்டார். மேலாளர் அறையைக் காட்டினேன். மூன்று பேரும் உள்ளே போய், அவர் மேசைக்கு முன்னால் சிலிப்பரைக் கழற்றிவிட்டு நின்றார்கள். தொட்டுப் பாருங்கள் என்று அக்கா சொன்னது வெளியே வரைக்கும் கேட்டது. மேலாளர் தொடவில்லை. திருவிழா அன்று அதே காலை எல்லோருக்கும் காட்டியவர், அன்று கீழே குனிந்தே பார்க்கவில்லை. மறுநாள் அந்த மூவரும் பின்னறைக்குள் போக மாட்டோம் என்று வெளியே, வெயிலில் நின்றார்கள். மற்றவர்களும் வந்து நின்றார்கள்.

மூவரையும் அரசு மருத்துவமனைக்கு நானே அழைத்துப் போனேன். டாக்டர் நரம்பைச் சோதித்தார், வேலையைக் கேட்டார், சொல்ல வேண்டிய இடத்துக்குத் தகவல் சொன்னார். அதிகாரிகள் வந்தார்கள். பின்னறை மூடப்பட்டது. டிரம் மாறியது. விற்றுப்போன டின்களுக்கெல்லாம் புதிய தாள் போனது, மூன்று படத்தோடு. சிங்கப்பூர்க்காரர்கள் கேள்வி கேட்டார்கள். பதிலை நான்தான் எழுதினேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. இந்த நோய், காற்றை விட்டு விலகிய பிறகும் சில மாதம் முற்றிக்கொண்டே போய், அதற்குப் பிறகுதான் மெதுவாக இறங்கும். அக்காவுக்கு முழங்கால் வரை மரத்தது, சுவரைப் பிடித்து நடந்தார். பார்த்தீர்களா, அந்த அறையை விட்ட பிறகும் ஏறுகிறதே, அப்படியானால் டின் எப்படிக் காரணமாகும் என்று மேலாளர் கமிட்டி ஆட்களிடம் சொல்லித் திரிந்தார். அம்மன் கோபம் என்று தெருவில் இரண்டு பேர் சொன்னார்கள். குற்றம் என் தலையில். என்னை ஆய்வுக்கூடத்திலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். அங்கேயும் டின்கள்தான். உட்கார்ந்து ஒவ்வொரு லேபிளையும் சரிபார்த்தேன், படம் குறைந்த டின்களைத் திருப்பி அனுப்பினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். பிடிக்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

அடுத்த திருவிழாவில் அக்கா குடம் எடுக்கவில்லை, கூட்டத்தோடு நடந்து மட்டும் வந்தார். ஒரு பக்கம் அவர் மகள் பிடித்திருந்தாள். என் வாசலுக்கு வந்ததும் மகளின் கையை உதறினார். நனைந்த சாக்கிலிருந்து இறங்கி, வேண்டுமென்றே தாரில் காலை வைத்தார். உடனே வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் மறுபடியும் வைத்தார். நான் ஓடிப்போய்க் குழாயை அவர் கால் பக்கம் திருப்பினேன். அவர் என் கையைப் பிடித்து விலக்கினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"ஊத்தாத" என்றார். "சுடுது. சுடட்டும்."