விரல் நுழையாத தெரு

"அண்ணே, இதுல நான் எங்க நடக்கறது?"

சரோஜா இதைக் கேட்டபோது அவருடைய இரண்டு கைகளும் என் மாடலின் மேல் இருந்தன. அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மசாஜ் நிலையத்தில் வேலை செய்கிறார். நான் கட்டட மாடல் செய்கிறவன். அடுக்குமாடி வீடு விற்கும் கூடங்களில், விளக்குப் போட்டு, குட்டி மரங்களும் கார்களுமாக வைத்திருப்பார்களே, அதுதான் என் தொழில். பட்டறை கம்போங் மேடானில். தலை நரைக்கும்வரை இதையே செய்திருக்கிறேன். அதுவரை என் மாடலை ஒருவரும் தொட்டதில்லை. தொடக்கூடாது என்று பக்கத்திலேயே பலகை வைப்போம்.

முதல் தடவையாக ஒருவர் தொட்டார். மாடல் எதற்கும் உதவாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வேலை வந்த கதை

பிரிக்பீல்ட்ஸில் ஒரு நிறுவனம் உயரக் கட்டடம் எழுப்ப ஆரம்பித்து, ஜிங்க் தகடு அடித்து ஒரு நடைபாதையை மூடிவிட்டது. ரயில் நிலையத்திலிருந்து பார்வையற்றவர்கள் பலர் நடந்து வரும் பாதை அது. மூடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புகார் கிளம்பியதும், மாற்று வழியைத் தொட்டுத் தெரிந்துகொள்ள ஒரு மாடல் செய்து, அவர்கள் கூடும் மண்டபத்தில் வைப்பதாக நிறுவனம் சொன்னது. வேலை என்னிடம் வந்தது. செய்ததைத் தொட்டுச் சரிபார்க்க அந்த மண்டபத்திலிருந்து வந்தவர்தான் சரோஜா.

சரோஜாவுக்கு வீடு சுங்கை பூலோவில். ரயிலில் தனியாகத்தான் வருவார். பழைய பாதை மூடியதிலிருந்து தம்பி குமார் கூடவே வந்து மசாஜ் நிலையம்வரை கொண்டு விட்டுப் போகிறான். அவனுக்குக் கிள்ளானில் வேலை கிடைத்திருந்தது. மாதம் பிறந்தால் சேர வேண்டும். அதற்குள் அக்கா புது வழியில் தனியாக நடக்கப் பழகவில்லை என்றால், இரண்டு பேரில் ஒருவர் வேலையை விட்டாக வேண்டும்.

"தினமும் தம்பியோடதான நடக்கறீங்க, இன்னுமா வழி பழகல?" என்று கேட்டேன். எனக்குப் பக்குவமாகக் கேட்கத் தெரியாது.

"அவன் கையப் பிடிச்சு நடந்தா வழி அவனுக்குத்தாண்ணே தெரியும். எனக்கு அவன் கைதான் தெரியும்."

முதல் மாடல்

நான் செய்துகொண்டு போனது நல்ல மாடல். கண் உள்ளவர்களுக்கு. ஸ்கேல் ஒன்றுக்கு ஐந்நூறு, கொஞ்சமும் பிசகில்லை. சன்னலெல்லாம் லேசரில் வெட்டியது. நடுவில் நிறுவனத்தின் டவர் முழங்கை உயரத்துக்கு நின்றது.

சரோஜா கையை மேலிருந்து இறக்கினார். டவரில் இடித்தது. சுற்றிக்கொண்டு கடைவரிசைக்கு வந்தார். இரண்டு கடைவரிசைக்கு நடுவில் ஒரு சந்து. அந்த ஸ்கேலில் சந்து பென்சில் கனம்கூட இல்லை. விரல் உள்ளே போகவில்லை. அவர் கைக்கு அங்கே சந்தே கிடையாது.

"கடை முன்னால நடக்கற காக்கி லீமா எங்கண்ணே?"

மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்க, மாடிக்கு அடியில் தூண் வைத்து விட்டிருப்பார்களே, அந்தக் காக்கி லீமா. எங்கள் தொழிலில் அதற்குப் பதில் மாடிக்குக் கீழே ஒரு கருப்புக் கோடு போடுவோம். பார்க்கிறவர்கள் நிழல் என்று நினைத்துக்கொள்வார்கள். மேலே மாடி மூடியிருக்கிறது, விரல் எப்படிப் போகும்?

"அப்ப நான் தினமும் இந்தப் பெட்டிக்குள்ளயா நடக்கறேன்?" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து சாலை. தார் மாதிரி தெரிய முரட்டுச் சேண்ட்பேப்பர் ஒட்டியிருந்தேன். விரல் பட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இந்தக் கைதான் எனக்குச் சோறு போடுது. தோலை உரிச்சிடாதீங்க."

மாடலைத் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு போனேன். வழி முழுக்க யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது. திட்ட ஆள் இல்லை.

இரண்டாவது மாடல்

டிசைன் படிப்பில் கோடு, தளம், கன அளவு, வெற்றிடம், மேற்பரப்பு, விகிதம் என்று பட்டியல் போட்டுச் சொல்லித் தருவார்கள். பட்டறைக்கு வருகிற பிள்ளைகள் அதை ஒப்பிக்கிறார்கள். பிறகு திரையில் ஒரு டவரைச் சுழற்றிக் காட்டிவிட்டு அதையே வேலை என்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன், திரை இல்லாமல்.

இந்தத் தடவை கட்டடத்தில் தொடங்கவில்லை. ஆள் போகிற இடத்தில் தொடங்கினேன். முதலில் நடைவழியை வரைந்தேன், ஆள்காட்டி விரல் தாராளமாகப் போகும் அகலத்தில். மிச்சம் இருந்த இடத்தில்தான் கட்டடம். ஸ்கேல் தப்பு. எங்கள் தொழிலில் அது குற்றம். தெரிந்தேதான் செய்தேன்.

எல்லாக் கட்டடத்தையும் விரல் கணு உயரத்துக்கு வெட்டினேன். மாடியை எடுத்துவிட்டதும் காக்கி லீமா திறந்துகொண்டது. தூணுக்குத் தூண் சின்ன முளை அடித்தேன். சாலைக்கு வழவழப்பு, நடக்கும் இடத்துக்கு மெல்லிய வரி. வேறு மேற்பரப்பு வேண்டாம் என்று விட்டேன். புல்லுக்கொன்று செங்கல்லுக்கொன்று என்று போட்டால் கைக்கு எல்லாம் ஒரே இரைச்சல். லேசர் வெட்டிய விளிம்புகளைத் தேய்த்து மழுங்கடித்தேன். ஜிங்க் தடுப்புக்கு மட்டும் மெல்லிய அலுமினியப் பட்டை வைத்தேன்.

சரோஜாவின் விரல் நிலையத்தின் வாசலிலிருந்து கிளம்பியது.

"சில்லுன்னு இருக்கே. இது அந்த ஜிங்குதான? பாவிங்க." விரல் அதை ஒட்டியே போனது. "இப்ப காக்கி லீமா. தூண்... தூண்... தூண்..." நின்றது. "இங்க ஒண்ணு காணோம். சந்து வருதா?"

"ஆமா."

"அட, அப்ப தூண் நின்னுபோற எடத்துல திரும்பணும்!"

ஒரே மாதிரி வந்துகொண்டிருப்பது எங்கே அறுகிறதோ அங்கேதான் செய்தி இருக்கிறது. லயம் என்று புத்தகத்தில் போட்டிருப்பது இதைத்தான். நான் அதை அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டவர் எங்கே?

நிறுவனத்தின் மார்க்கெட்டிங் அதிகாரி ரவீன் மண்டபத்துக்கு வந்தார். சின்ன வயசு, நல்ல சட்டை.

"அங்கிள், எங்க டவர் எங்க?"

"அங்கதான் இருக்கு. தொட்டுப் பாரு."

"என்ன அங்கிள், கேக் வெட்டின மாதிரி இருக்கு! ஓப்பனிங்குக்கு எங்க சேர்மன் டத்தோ வர்றாரு லா. அவர் என்னத்தப் பாப்பாரு?"

"டத்தோவுக்கு வழி தெரியும். காரு இருக்கு."

"டவர் இல்லாம நான் அப்ரூவல் குடுக்க முடியாது. பழைய டவர் இருக்குல்ல? அதை மட்டும் தூக்கி வைங்க."

வைத்தேன். சரோஜாவைக் கூப்பிட்டு நிலையத்திலிருந்து கடைவரைக்கும் போகச் சொன்னேன். ஒரு கை நிலையத்தில் இருக்க, மறு கை நீண்டது. முழங்கை டவரில் பட்டு, டவர் சாய்ந்து தரையில் விழுந்தது.

"தம்பி, உங்க கட்டடம் விழுந்திருச்சு," என்றார் சரோஜா. "நல்லவேள, உள்ள ஆள் இல்ல."

ரவீன் சிரிக்கவில்லை. "கண்ண மூடிட்டு நீ ஒரு தடவ போய்ப் பாரு," என்றேன். மூடினார். விரல் ஜிங்க் வரைக்கும் போனது, தடுமாறியது, சட்டென்று நேராகிவிட்டது.

"தம்பி, கண்ணத் தொறந்துட்டீங்க," என்றார் சரோஜா. "மூச்சு மாறிடுச்சு."

ரவீனுக்கு முகம் காதுவரை சிவந்துவிட்டது. நான் நினைத்த அளவுக்கு மோசமான பையன் இல்லை. திரும்பவும் மூடிக்கொண்டு, சந்து கிடைக்கும்வரை மெதுவாகத் தடவினார். பிறகு டவரை எடுத்துத் தூசி தட்டினார். "இதத் தனி மேசையில வச்சுடறேன் அங்கிள். டத்தோ அங்க நின்னு படம் எடுக்கட்டும்." அவர் மேலிடத்தில் இதற்காகத் திட்டு வாங்கினார் என்று பின்னால் தெரிந்தது.

தனியாக

சரோஜா மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் மண்டபத்துக்கு வந்து மாடலைத் தடவிப் பழகினார். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது தனியாக நடந்து பார்க்கிறேன் என்றார். குமாருக்குப் பயம். விடுவானா? கடைசியில், நான் பின்னால் போவேன், வாயைத் திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகு ஒத்துக்கொண்டான்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தார். கைத்தடி ஜிங்கில் தட்டிக்கொண்டே போனது. காக்கி லீமாவில் ஏறினார். தூண், தூண். மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே நின்றது. கைத்தடி சக்கரத்தில் மாட்டிக்கொண்டது.

எனக்கு வந்ததே கோபம். "யாருடா இது? நடக்கற எடத்துல கொண்டாந்து நிறுத்தினது?"

"அண்ணே, கத்தாதீங்க," என்றார் சரோஜா. "தடி தூண்ல படற சத்தம் கேக்கல."

வண்டிக்காரன் சாப்பாட்டுக் கடையிலிருந்து எச்சில் கையோடு வெளியே வந்தான். "அஞ்சு நிமிசந்தான் பாஸ்," என்றான். அஞ்சு நிமிசம் என்றால் எனக்குப் பிடிக்காது. அவனுக்குக் காக்கி லீமா என்றால் என்ன, அது யாருக்காகக் கட்டியது என்று ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவன் என் வயசைச் சொல்லிக்காட்டினான். நான் அவன் வண்டியைப் பற்றிச் சொன்னேன். ஆள் கூடிவிட்டது.

திரும்பிப் பார்த்தால் சரோஜாவைக் காணோம்.

ஓடினேன். சந்து முனையில் இல்லை. சாலையோரத்தில் இல்லை. குமாருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மசாஜ் நிலையத்தின் கதவைத் தள்ளினேன். உள்ளே சரோஜா கை கழுவிக்கொண்டிருந்தார். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில்.

"வந்துட்டேன்டா. தனியாத்தான். அண்ணனா? அவரு பாதியிலேயே யாரோடயோ சண்ட போட நின்னுட்டாரு. நீ கிள்ளானுக்குக் கிளம்பு."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். முதலில் போகிற இடத்தைச் செய், பிறகு நிற்கிற சுவரைச் செய். செய்து முடித்ததும் தள்ளி நில். சரோஜா அந்தச் சந்தில் திரும்பியதை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிருந்தது.