அட்டைப்பெட்டிச் சமையலறை

பழைய வீடுகளை இடித்துக் கட்டிப் புதுப்பித்துக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தை அவளுடைய அண்ணன் நடத்திவந்தார். தச்சு வேலையில் தொடங்கி, கைராசிக்காரர் என்று பெயர் வாங்கி, சொந்தமாக ஆட்களைச் சேர்த்துக்கொண்டவர். அங்கே போன் எடுப்பதற்காக வந்தவள் அவள். அதற்கு முன் ஒரு துணிக்கடையில் திரைச்சீலை அளந்து வெட்டிக்கொண்டிருந்தாள். எதைப் பார்த்தாலும் அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்காவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். வந்த கொஞ்ச நாளிலேயே கொத்தனார், பிளம்பர், பெயிண்டர் எல்லோரும் அவளை ‘ஏன் அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முகத்துக்கு நேராகவே.

நிறுவனத்தில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. அண்ணனுக்கு நின்று தண்ணீர் குடிக்க நேரமிருக்காது. ஆனால் வருஷ முடிவில் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. கூலி ஏறிவிட்டது, டைல்ஸ் விலை ஏறிவிட்டது, நாமும் ஏற்ற வேண்டியதுதான் என்பார் அண்ணன். ஓயாமல் உழைக்கிற இத்தனை பேருடைய உழைப்பும் எங்கே போய்ச் சேருகிறது என்று அவளுக்குக் குறுகுறுத்தது. ஒருநாள் போனைத் தன் கைப்பேசிக்கு மாற்றிவிட்டு, வேலை நடந்துகொண்டிருந்த வீட்டுக்கே போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மாவின் வீடு அது. சமையலறைச் சுவரில் டைல்ஸ் ஒட்டி முடித்து, அடுப்பு மேடையும் பாத்திரம் கழுவும் தொட்டியும் பொருத்தியாகிவிட்டது. நர்ஸம்மா வந்து நின்று இடமும் வலமும் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, தொட்டி ஜன்னலுக்குக் கீழே இருந்தால் தேவலை என்றார். கொத்தனார் முகம் சுளிக்கவில்லை. உளியை எடுத்து, முந்தின நாள் தான் ஒட்டிய டைல்ஸைத் தானே பெயர்க்கத் தொடங்கினார்.

அவள் ஸ்டூலை விட்டு எழுந்து வந்தாள். இப்படி அடிக்கடி நடக்குமா என்று கேட்டாள்.

“எல்லா வீட்லயும் ஏதாவது ஒண்ணை ஒடச்சுக் கட்டுவோம்க்கா. அதுக்கும் சேத்துதான் நாள் சொல்றோம்” என்றார் அவர், ஏதோ மழை வெயிலைப் பற்றிப் பேசுவதுபோல.

அவள் நர்ஸம்மாவிடம் போனாள். குறை சொல்லும் எண்ணம் துளியும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வரைபடத்தைக் காட்டியபோதே ஏன் சொல்லவில்லை?

“படத்துல பாத்தா எனக்கு என்னம்மா புரியும்? அழகா இருந்துச்சு, சரின்னேன். இங்க வந்து நின்னப்பறம்தான் என் கை எந்தப் பக்கம் போகுதுன்னு எனக்கே தெரிஞ்சுது.”

இந்தப் பதில் அவளை விடவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் சமையலறையில் கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்த்தாள். உப்பு டப்பாவுக்குக் கை தானாகப் போயிற்று. அது எந்தத் தட்டில் இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் யோசித்துத்தான் சொல்லியிருப்பாள்.

மறுநாள் ஃபிரிட்ஜ் விற்கும் கடையில் கேட்டு, காலி அட்டைப்பெட்டிகளை வாங்கி அலுவலகத்தில் குவித்தாள். இடிப்பதற்கு முன்பே வாடிக்கையாளர் வீட்டில் இவற்றை அடுக்கி, அளவு பிசகாமல் ஒரு பொய்ச் சமையலறை செய்து, அவர்களை அதில் நடமாட விடலாம் என்றாள். அண்ணன் சிரித்தார்.

“கிச்சன் போடற கம்பெனியா, சொப்பு விளையாடற கம்பெனியா நாம?”

ஆனாலும் ஒருமுறை செய்து பார்க்கச் சம்மதித்தார். தங்கை கேட்டால் மறுத்துப் பழக்கமில்லாதவர்.

முதலில் அகப்பட்டது ஒரு வங்கி ஊழியரும் அவர் மனைவியும். நடுச்சுவரை இடித்துச் சமையலறையைக் கூடத்தோடு சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. கூடத்துப் பக்கம் அட்டைப்பெட்டிகள் எழும்பின. மனைவி இல்லாத அடுப்பில் காற்றைக் கிளறினார். கணவர் ஃபிரிட்ஜாக நின்ற பெட்டியைத் திறப்பதாகக் கையை வீச, அது மனைவியின் முதுகில் போய் இடித்தது. இருவரும் முதலில் சிரித்தார்கள். பிறகு பெட்டிகளை அங்கும் இங்குமாக நகர்த்தி வாதாடினார்கள். கடைசியில் மனைவி நடுச்சுவரோரமாக நின்றுகொண்டு, இது இருக்கட்டுமே, எனக்கு இந்த மறைவு வேணும்போல இருக்கு என்றார். கணவரும் தலையாட்டினார். ஆக, சுவரை இடிக்க வேண்டியதில்லை. வேலை பாதியாகச் சுருங்கிவிட்டது.

அண்ணனுக்குக் கோபம் வந்தது. “வந்த வேலையை நீயே வெட்டி விட்டுட்டியே” என்றவர் இரண்டு நாள் அவளோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கும் பயம்தான். என்றாலும் இது எப்படி முடியும் என்று பார்க்கிற ஆவல் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அந்தப் பாதி வேலை சொன்ன நாளில் முடிந்தது. ஒட்டிய ஒரு டைல்கூடப் பெயர்க்கப்படவில்லை. பிளம்பர் ஒரே தடவை வந்து போனார். வரிசையில் அடுத்துக் காத்திருந்த வாடிக்கையாளர், ஆள் வரவில்லை என்று போன் போட்டுக் கத்தவில்லை. கணக்குப் பார்த்தால், பெரிய வேலைகளில் மிஞ்சியதைவிட இந்தச் சின்ன வேலையில் கூடுதலாக மிஞ்சியிருந்தது. அடுத்த வேலைக்குப் புறப்படும்போது அண்ணன் பெட்டிகளைத் தானே வண்டியில் ஏற்றினார். அவர் வெட்டினால் அட்டைகூட நூல் பிடித்தாற்போல் நேராக வந்தது.

எல்லாமே சுலபமாகிவிடவில்லை. ஒருவர் பெட்டிகளுக்கு நடுவே எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டு, அலமாரி வந்து இறங்கியதும் நிறம் பிடிக்கவில்லை என்றார். அட்டைக்கு ஏது நிறம்? அதன்பின் அலமாரிக் கதவின் மாதிரித் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, ஒரு பகல் முழுக்க வீட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அந்த வருஷ முடிவில் அண்ணன் ஆட்களுக்கெல்லாம் கூலியை உயர்த்தினார். வாடிக்கையாளர்களிடம் ஒன்றும் ஏற்றவில்லை.

இப்போதெல்லாம் அவள் எப்போதோ முடித்துக் கொடுத்த வீடுகளுக்குச் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். போன வாரம் ஒரு வீட்டுச் சமையலறை மூலையில், உள்ளே தட்டுகள் சுழலும் அலமாரியைத் திறந்து காட்டச் சொன்னாள். அண்ணன் எல்லோரிடமும் பெருமையாகச் சிபாரிசு செய்கிற, விலை கூடிய சாமான் அது. உள்ளே வரிசையாகச் செருப்புகள்.

“சுத்தும்போது டப்பாவெல்லாம் பின்னால விழுந்துடுதுங்க, கை எட்டல. செருப்புன்னா விழுந்தா விழட்டும்” என்றார் வீட்டுக்காரப் பெண்மணி, கொஞ்சம் கூச்சத்தோடு.

அவள் சிரித்தாள். பிறகு முழங்காலிட்டு, தலையை அலமாரிக்குள் நுழைத்து, டப்பாக்கள் எந்த வழியாக விழுகின்றன என்று பார்க்கத் தொடங்கினாள்.