மான் ஈரல் என்று எழுதிய வாளி

ஆகஸ்டு மாதக் கடைசியில் ஊர் நூலகத்தின் சுவரில் ஹாலோவீன் விருந்துக்கான தாளை ஒட்டினார்கள். யார் என்ன கொண்டுவருவது என்று அவரவரே எழுத வேண்டும். டெல்பெர்ட் வாஸ்கில் முதல் வரியில் எழுதினார்: பேய், 70. செப்டம்பர் நான்காம் தேதி அவர் இறந்துபோனார். தாளில் அந்தப் பெயரை அடிக்க யாருக்கும் கை வரவில்லை.

அக்டோபர் இரண்டாம் வாரம் நூலகர் நடீன் டீடி டெல்பெர்ட்டின் மகளுக்கு போன் செய்தாள். மகள் கோரின் அப்போது மில்வாக்கியில் ஒரு பெரிய மளிகைக் கடையின் கூரைமேல், குளிரூட்டும் இயந்திரத்துக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். ஃப்ரீசர் பழுது பார்ப்பதுதான் அவள் தொழில். இருபது வருடமாகச் செய்கிறாள்.

"அப்பா பேரை அடிச்சிடட்டுமா கோரின்? யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. நான் கடையில ஏதாவது வாங்கிக்கறேன்."

"அடிக்காதீங்க. நான் கொண்டுவரேன்."

"உனக்குச் செய்யத் தெரியுமா?"

"வாழைப்பழத்தைச் சாக்லேட்டுல முக்கறதுதானே."

பேய் என்பது அவ்வளவுதான். உரித்த பழத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் குச்சி செருகி, உறையவைத்து, உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டில் முக்கி எடுத்து, கண்ணுக்கு இரண்டு கறுப்புச் சாக்லேட் துளிகளைப் பதிக்க வேண்டும். ஊரில் எட்டு வயதுப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். கோரினுக்கு நாற்பத்திரண்டு வயது. ஒன்றுகூடச் செய்ததில்லை. தின்றதோடு சரி.

டெல்பெர்ட் நாற்பத்தொரு வருடம் பால் வண்டி ஓட்டினார். தினமும் பதினான்கு பண்ணை. பண்ணைக்காரர்கள் மாட்டுத் தொழுவத்தில் இருப்பார்கள். இவர் தானே பால் அறையைத் திறந்துகொண்டு உள்ளே போவார். தொட்டியின் மூடியைத் தூக்கி முகர்ந்து பார்ப்பார். அளவுகோலை இறக்கி, கோட்டைப் பார்த்து, சீட்டில் எழுதி ஆணியில் மாட்டுவார். சோதனைக்கு ஒரு குப்பியில் கொஞ்சம் எடுத்துக்கொள்வார். குழாயை மாட்டிப் பாலை வண்டிக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். சில பண்ணைகளில் வருடத்துக்கு ஒருமுறைதான் மனித முகத்தைப் பார்த்திருக்கிறார். அது அவருக்குக் குறையாகத் தெரிந்ததா என்று கோரின் கேட்டதில்லை.

அவளுக்கு ஏழு வயதானபோது அம்மா தையல் இயந்திரத்தை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு அரிசோனாவுக்குப் போய்விட்டாள். அந்த வருடம் பள்ளியிலிருந்து சீட்டு வந்தது: ஹாலோவீனுக்கு ஒவ்வொரு பிள்ளையின் தாயாரும் ஒரு தின்பண்டம் அனுப்பவும். டெல்பெர்ட் 'தாயாரும்' என்ற சொல்லை அடித்துவிட்டுக் கீழே தன் பெயரை எழுதி அனுப்பினார். அடுப்பு வேலை அவருக்கு ஆகாது. குளிர வைப்பது தெரியும். பேய் அப்படித்தான் வந்தது. கோரின் பள்ளியை முடித்துப் போன பிறகு, அதையே நூலக விருந்துக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். ஒரு வருடமும் நிறுத்தவில்லை.

கோரின் தொழில் படிப்பு முடித்து மில்வாக்கிக்குப் போனாள். இரண்டு மணி நேரப் பயணம்தான். ஞாயிற்றுக்கிழமை போன். பேச்சு எப்போதும் நிலவறையில் இருந்த பெட்டி ஃப்ரீசரைப் பற்றி இருக்கும். அதில் என்னவோ சத்தம் வருகிறது என்பார். ஆகஸ்டிலும் அதையே சொன்னார்.

"போனைக் கம்ப்ரசர் பக்கத்துல வைங்கப்பா."

வைத்தார். அவள் அரை நிமிடம் கேட்டாள். சத்தம் சுத்தமாக இருந்தது.

"ஒரு கோளாறும் இல்ல. கால் ஒண்ணு ஏத்த இறக்கமா இருக்கும். அட்டை மடிச்சு வைங்க."

"வந்து பாத்தா தேவல."

"இந்த மாசம் முடியாதுப்பா."

"சரி. எனக்கும் அடுத்த மாசம் மூணாம் தேதி ஆஸ்பத்திரியில வேலையிருக்கு. நெஞ்சுல ஒரு வால்வு மாத்தறாங்களாம். உன் வேலை மாதிரிதான்."

எத்தனை நாள் என்று கேட்டாள். ஐந்து என்றார். ஐந்தாம் நாள் வீட்டுக்குக் கூட்டிப்போக வருவதாகச் சொன்னாள். இரண்டாம் நாளே வர வேண்டியதாயிற்று.

அடக்கம் முடிந்த பிறகு வார இறுதிகளில் வந்து வீட்டைக் காலிசெய்தாள். அக்டோபர் முதல் சனிக்கிழமை ஃப்ரீசர். உதிர்த்த சோளம், நறுக்கிய ருபார்ப் தண்டு, யாரோ கொடுத்த மீன். எல்லாவற்றிலும் காகிதப் பசைநாடா ஒட்டி, பெயரும் தேதியும் அப்பா கையெழுத்தில். பால் சீட்டு எழுதியே பழகிய கை. எண்கள் அச்சுப் போலிருந்தன. அடியில் இரண்டு பழைய ஐஸ்கிரீம் வாளிகள். இரண்டிலும் ஒரே வார்த்தை: மான் ஈரல். அவளுக்கு ஈரல் என்றாலே குமட்டும். மூடியைத் திறக்காமல் பக்கத்து வீட்டு லைல் கிராஸ்காஃபிடம் கொடுத்தாள். அவரிடம் இரண்டு வேட்டை நாய்கள் இருந்தன. கொட்டகை ஃப்ரீசரில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டார்.

பேய் செய்யும் வேலை அதற்குப் பிறகு வந்தது. விருந்து அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை மதியம். கோரின் புதன்கிழமையே விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

முதல் நாள் பழத்தின் மேல் பனி பூத்திருந்தது. சாக்லேட் அதில் ஒட்டாமல் ஈரக் காலுறை மாதிரி கழன்று விழுந்தது. இரண்டாம் நாள் பழங்களைத் துடைத்தாள். துடைத்த கையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் பாத்திரத்தில் விழ, சாக்லேட் முழுவதும் களிமண்ணாக இறுகியது. அடுத்த பாத்திரத்தில் வெப்பமானியை வைத்து, டிகிரி டிகிரியாகக் குறித்துக்கொண்டு செய்தாள். அவை ஒட்டின. ஆனால் தட்டில் படுக்கவைத்ததால் எல்லாவற்றுக்கும் முதுகு தட்டையாகி, ஓரத்தில் சாக்லேட் குளம் கட்டியது. பேய் மாதிரி இல்லை. சவப்பெட்டியில் கிடத்தியது மாதிரி இருந்தது. அந்த எண்ணம் வந்ததும் தட்டோடு குப்பையில் கொட்டினாள்.

எங்கேயாவது எழுதி வைத்திருப்பாரா என்று அலமாரிகளைத் தேடினாள். எழுத்து ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, பால் குப்பிகளை நிறுத்தும் பழைய கம்பித் தாங்கி ஒன்று சுத்தமாகக் கழுவி வைத்திருந்தது. வேலையை விட்டுப் பத்து வருடமாகியும் அப்பா இதை ஏன் வைத்திருந்தார் என்று நினைத்தாள். திரும்ப வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை தேறியவை பதினேழு. அவற்றில் ஆறுக்குக் கண் விழுந்துவிட்டது. நடீனுக்கு போன் செய்து அப்பா பெயரை அடித்துவிடச் சொல்லலாம் என்று எண்ணைத் தேடும்போது பின்கதவு தட்டப்பட்டது. லைல் நின்றிருந்தார். கையில் ஒரு வாளி. காலடியில் இன்னொன்று.

"ஏம்மா கோரின், ஒரு விஷயம் சொல்லணும். பயந்துடாத."

"என்ன?"

"உங்கப்பா வச்ச ஈரலுக்குக் கண்ணு இருக்கு."

நாய்த் தீனி தீர்ந்துபோய் அன்றுதான் முதல் வாளியைத் திறந்தாராம். மூடியைத் தூக்கியதும் வெள்ளையாக ஒரு கூட்டமே அவரைப் பார்த்ததாம். எழுபது வயதில் இந்த அதிர்ச்சி தேவையா என்று உங்கப்பனைக் கேட்கணும் என்றார். சாக்லேட் நாய்களுக்கு விஷம் என்பதால் மூடியைப் பழையபடி அழுத்தி மூடிக் கொண்டுவந்திருந்தார்.

கோரின் வாளியை வாங்கி மேசையில் வைத்தாள். மெழுகுத் தாள், அதன்மேல் ஒரு வரிசைப் பேய்கள், மறுபடி மெழுகுத் தாள். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். முதுகு உருண்டையாக இருந்தது. அடியில், குச்சியைச் சுற்றி, சாக்லேட் பாவாடை மாதிரி மெல்ல விரிந்திருந்தது. கம்பித் தாங்கி எதற்கு என்று இப்போது புரிந்தது. குச்சியைத் துளையில் செருகி நிமிர்த்தி நிறுத்திக் காயவைத்திருக்கிறார்.

"தேதியைப் பாத்தியா?" என்றார் லைல்.

பார்த்தாள். மான் ஈரல் என்ற வார்த்தைக்குக் கீழே, தெளிவாக: ஆகஸ்டு 29. அறுவைச் சிகிச்சைக்கு ஐந்து நாள் முன்னால். இயந்திரங்களின் தேதிச் சீட்டைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவள் முதல் வரியோடு நிறுத்தியிருந்தாள்.

"மான் வேட்டை சீசன் நவம்பர்லம்மா. அதுவும் உங்கப்பா துப்பாக்கியை வித்தே பதினோரு வருஷம் ஆச்சு. நீயும் கேக்கல, நானும் கேக்கல. ஈரல்னு எழுதியிருந்தா எவன் கேக்கப்போறான்?"

"யாரும் திறக்க மாட்டாங்க."

"அதான். ஆனா யாரு திறந்துடுவாங்கன்னு அப்படி எழுதினாரு? வீட்டுல தனி ஆளு."

கோரினுக்குத் தெரிந்துவிட்டது.

ஒன்பது வயதில், அப்பா பள்ளிக்குச் செய்து வைத்திருந்த பேய்களை, ஒரு வாரம் அவர் வேலையிலிருந்து வருவதற்குள் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள். மூடியை ஒழுங்காக மூடிவிட்டால் தெரியாது என்று நினைத்தாள். பதினொன்று தின்றிருந்தாள். பள்ளியில் பதினொரு பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. டெல்பெர்ட் ஆசிரியையிடம், எண்ணும்போது தவறிவிட்டேன், மன்னிக்கணும் என்றார். வாழ்நாளில் ஒரு சொட்டுப் பாலை அளவு தப்பாக எழுதாத மனிதர். வீட்டுக்கு வரும் வழியில் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அதன்பிறகு எந்த வருடமும் அவளால் பேய்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. ஃப்ரீசரில் ஈரல்தான் இருந்தது.

அவள் வீட்டைவிட்டுப் போய் இருபத்துநான்கு வருடம். வருடம் தவறாமல் அந்த வார்த்தையை எழுதியிருக்கிறார்.

லைல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "இதைக் கொடுத்துடுவியா? வச்சுக்கறதா இருந்தா வச்சுக்கம்மா. அவரு கடைசியா செஞ்சது. உன் தொழிலுக்குப் பத்து வருஷம்கூட வச்சிருப்ப."

அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு குளிரில், எப்படி மூடி வைத்தால் எவ்வளவு காலம் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. கணக்கின் விடையும் தெரிந்தது. நாலைந்து மாதத்தில் குளிர் பழத்தின் ஈரத்தை இழுத்துவிடும். சாக்லேட் சாம்பல் பூக்கும். கண் உதிரும். பத்து வருடம் வாளி இருக்கும். உள்ளே இருப்பது இதுவாக இருக்காது.

"தாள்ல அப்பா பேர் இருக்கு," என்றாள்.

இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். எண்பத்தொன்று. லைல் மறுபடி எண்ணினார். எண்பத்தொன்றுதான்.

"எழுபதுன்னுதானே எழுதினாரு? பால்காரருக்குக் கணக்குத் தப்பிடுச்சே."

"தப்பல. பதினொண்ணு கூட," என்றாள் கோரின்.

லைல் ஒரு பேயைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இப்பத்தான் புரியுது. நவம்பர் ஆரம்பத்துல வருஷா வருஷம் உங்கப்பா வாயில ஒரு குச்சியோட தோட்டத்துல இலை வாருவாரு. பல் குத்தறாருன்னு நினைச்சேன்."

சனிக்கிழமை நூலகத்தின் கீழறையில் பிள்ளைகள் வேஷத்தோடு வரிசையில் நின்றார்கள். கோரின் எழுபதைத்தான் கொண்டுபோயிருந்தாள். பெற்றோர்கள் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அப்பா கை அப்படியே வந்திருக்கிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். கடற்கொள்ளைக்காரன் வேஷம் போட்ட ஒரு பையன் பேயை முகர்ந்து பார்த்தான்.

"இது போன வருஷத்துப் பேயா?"

"இந்த வருஷத்துது," என்றாள்.

இருபது நிமிடத்தில் குச்சிகள்தான் மிஞ்சின. குப்பைத் தொட்டியில் விழுந்த குச்சிகளை அவள் பார்க்காமலிருக்க முயன்றாள். நடீன் காலி வாளியைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லா வருடமும் எத்தனை கொண்டுவருவார் என்று கோரின் கேட்டாள்.

"எழுபது. ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது. ஏன், நீ குறைச்சலா செஞ்சியா?"

"நான் செய்யல நடீன். அவர் செஞ்சதுதான் இது. ஆகஸ்டுலயே."

நடீன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சுவரில் இருந்த தாளில் டெல்பெர்ட் பெயருக்கு எதிரே, மற்ற பெயர்களுக்குப் போட்டதைப் போலவே, சரி என்று ஒரு குறி போட்டாள்.

கோரின் வீட்டுக்கு வந்தபோது இன்னும் முழுக்க இருட்டவில்லை. தெருவில் பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இந்த வீட்டு வாசலில் விளக்கு எரியாததால் யாரும் ஏறவில்லை. அவள் கோட்டைக் கழற்றாமலே நிலவறைக்கு இறங்கினாள். காலியான ஃப்ரீசரின் அடியில் ஒரே ஒரு வாளி. பேய் ஒன்றை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். முதலில் பல் கூசியது. அப்புறம் சாக்லேட் உடைந்து பழம் வந்தது. ஒன்பது வயதில் இருந்ததைவிட இனிப்புக் குறைவாக இருந்தது, அல்லது அவள் மாறியிருந்தாள்.

மெதுவாகத் தின்றாள். குச்சியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எழுந்துபோய் மீதிப் பத்தின் மேல் மெழுகுத் தாளைச் சரிசெய்து, மூடியைச் சுற்றிலும் அழுத்தி, சத்தம் வரும்வரை மூடினாள். பசைநாடாவைத் தொடவில்லை.

பிறகு குனிந்து, காதைப் பெட்டியின் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. நீண்ட நேரம் கேட்டாள். ஒரு கோளாறும் இல்லை.